சம்பளக்காரர்களின் சரித்திரம்: பேராசிரியர் ஆல்ஃபிரட் சாண்ட்லர்

(அகமதாபாத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேச வேண்டும் என்று நம் செயலாளர் போனில் கேட்டபோது, "எதைப் பற்றிப் பேசட்டும்?" என்றேன். "உங்களுக்குத் தெரிந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் பேசுங்கோ" என்றார். உபன்யாசம் செய்யும் அளவுக்கு எனக்கு ஞானம் கிடையாது. படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். பார்த்தது முப்பத்தாறு வருஷ மத்திய சர்க்கார் உத்யோகம். ஆகவே, நான் நேரில் பார்த்தே இராத ஒருவரை, ஆனால் என் உத்யோகத்துக்கு ஒரு அர்த்தம் இருந்தது என்று எனக்கே எடுத்துச் சொன்ன ஒருவரை, உங்களுக்கு அறிமுகம் செய்யலாம் என்று வந்திருக்கிறேன். அவர் பெயர் ஆல்ஃபிரட் சாண்ட்லர். அமெரிக்கர். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் வணிக வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர்.

அவரை நான் அறிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிடையர் ஆன புதிது. மேனேஜ்மென்ட் படித்த என் பெண், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அப்பா, இத்தனை வருஷம் ஆபீஸுக்குப் போனேளே, அங்கே என்னதான் பண்ணினேள்?"

"ஃபைல் பார்த்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் எதையும் கட்டவில்லை, விற்கவில்லை, கண்டுபிடிக்கவில்லை. முப்பத்தாறு வருஷத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமென்றால் அந்த இரண்டு வார்த்தைதானா?

மறுநாள் அவளே தன் அலமாரியிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். "நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இதைப் படிங்கோ. உங்களை மாதிரி மனுஷாளைப் பத்தினதுதான்" என்றாள். அதுதான் சாண்ட்லர் 1977-ல் எழுதிய 'தி விசிபிள் ஹேண்ட்'. கண்ணுக்குத் தெரியும் கை என்று பொருள்.

சாண்ட்லர் 1918 செப்டம்பர் 15-ந் தேதி டெலவேர் மாநிலத்தில் பிறந்தார். முழுப் பெயரில் டு பாண்ட் என்ற சொல்லும் உண்டு. அந்தப் புகழ்பெற்ற தொழில் குடும்பத்தோடு முன்னோர்களுக்கு இருந்த நெருக்கத்தால் வந்த பெயர் அது. 1940-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார். அதே வருஷம் அங்கே பட்டம் வாங்கிய இன்னொரு மாணவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜான் கென்னடி. இரண்டாம் உலகப் போரில் சாண்ட்லர் கடற்படையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, விமானத்திலிருந்து எடுத்த போட்டோக்களைக் கூர்ந்து பார்த்து, அவற்றில் என்ன தெரிகிறது என்று சொல்வது. சரித்திர ஆசிரியராகப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று எனக்குத் தோன்றும்.

போர் முடிந்து ஆராய்ச்சி மாணவராக ஹார்வர்டுக்குத் திரும்பினார். எதைப் பற்றி ஆராய்ச்சி செய்வது? விஷயம் அவர் வீட்டிலேயே காத்திருந்தது. அவருடைய கொள்ளுத் தாத்தா ஹென்றி வார்னம் பூர் என்பவர். 1849 முதல் ரயில்வே பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்க ரயில் கம்பெனிகளின் கணக்கு வழக்குகளை எல்லாம் சேகரித்து 1868-லிருந்து வருஷா வருஷம் புத்தகமாக வெளியிட்டவர். பங்குச் சந்தைப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு 'ஸ்டாண்டர்ட் அண்ட் பூர்ஸ்' என்ற பெயர் தெரிந்திருக்கும். அதில் வரும் பூர் இவர்தான். இவருடைய காகிதங்கள் எல்லாம், சாண்ட்லருக்குப் பாட்டி முறையான ஒரு மூதாட்டியின் வீட்டுச் சாமான் அறையில் கிடந்தன. யாரும் பழைய பேப்பர்காரரிடம் போடவில்லை. அவற்றை வைத்துத்தான் சாண்ட்லர் 1952-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1956-ல் அது புத்தகமாகவும் வந்தது. இந்தச் சாமான் அறையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

கொள்ளுத் தாத்தாவின் காகிதங்கள் சாண்ட்லரை ரயில்வேயிடம் கொண்டுபோய் விட்டன. நம் கூட்டத்தில் ரயில்வேயில் இருந்தவர்கள் அநேகம் பேர். அவர்களுக்காகவே இந்தக் கதை.

1841 அக்டோபர் 5-ந் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்டர்ன் ரயில்ரோடு என்ற கம்பெனியின் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. ஒற்றைத் தண்டவாளம். இரண்டு பேர் இறந்தார்கள். தண்டவாளத்திலோ இஞ்சினிலோ குறை இல்லை. எந்த வண்டி எங்கே நின்று எதற்கு வழி விட வேண்டும், அதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதில்தான் குழப்பம். அதன் பிறகு அந்தக் கம்பெனி உட்கார்ந்து எழுதியது: இந்தப் பகுதிக்கு இவர் பொறுப்பு, இவர் இன்னாருக்குப் பதில் சொல்ல வேண்டும், இன்ன நேரத்தில் இன்ன ரிப்போர்ட் வர வேண்டும் என்று. யார் யாருக்குக் கீழே என்பதைக் காகிதத்தில் தெளிவாக வகுத்துக்கொண்ட முதல் அமெரிக்கக் கம்பெனிகளில் அது ஒன்று என்கிறார் சாண்ட்லர். நாம் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் 'ப்ராப்பர் சானல்' இருக்கிறதே, அதன் பிறப்பில் இரண்டு உயிர்கள் இருக்கின்றன!

அடுத்தது ஈரி ரயில்வே. அதன் சூப்பரிண்டெண்டென்ட் டேனியல் மக்கல்லம். ஐம்பது மைல் ரயில் பாதையை ஒரு கெட்டிக்காரர் தானே கண்ணால் பார்த்து நடத்திவிடலாம், ஐநூறு மைல் பாதையை அப்படி நடத்த முடியாது என்று அவர் கண்டுகொண்டார். 1855-ல் யார் யாருக்குக் கீழே என்று ஒரு வரைபடமே தயாரித்தார். தந்தி மூலம் தகவல் வாங்கி, ஒவ்வொரு வண்டியும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். அதற்கு அடுத்த வருஷம், 1856 ஜூலை 1-ந் தேதி, நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி புறப்பட்டது. பிற்பாடு ராயபுரத்திலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நம் தாத்தாக்களும் கொள்ளுத் தாத்தாக்களும் குமாஸ்தாவாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் அக்கவுண்டண்டாகவும் போய் உட்கார்ந்தது இந்த மாதிரி ஏற்பாடுகளுக்குள்ளேதான். பஞ்சாங்கம் பார்த்த குடும்பங்கள் பிராட்ஷா டைம்டேபிள் பார்க்க ஆரம்பித்த காலம் அது.

சாண்ட்லரின் உத்யோகப் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950-ல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் கடிதங்களைத் தொகுக்கும் பணியில் உதவி ஆசிரியராக இருந்தார். 1963-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் போய், ஐசன்ஹோவரின் ஆவணங்களைத் தொகுத்தார். போர்க்காலத் தொகுதிகள் ஐந்து 1970-ல் வெளிவந்தன. பிறகு ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலுக்கு வந்து, 1989-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பேராசிரியர். பிறருடைய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, அடிக்குறிப்பு எழுதி, சரிபார்ப்பதில் இத்தனை வருஷங்களா என்று தோன்றலாம். அந்தப் பொறுமைதான் அவருடைய மூலதனம்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் பெரிய புத்தகம் 1962-ல் வந்த 'ஸ்ட்ராட்டஜி அண்ட் ஸ்ட்ரக்சர்'. அறிவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதில் அவர் கையாண்ட முறை. நாலு கம்பெனிகளை எடுத்துக்கொண்டார். டு பாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ், நியூ ஜெர்சியின் ஸ்டாண்டர்ட் ஆயில், சியர்ஸ் ரோபக். ஒன்று வெடிமருந்தில் ஆரம்பித்தது, ஒன்று கார், ஒன்று எண்ணெய், ஒன்று தபால் வழி வியாபாரம். ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடிக்கவில்லை. ஆனால் நாலும் ஏறக்குறைய 1920-களில் ஒரே மாதிரியான நிர்வாக அமைப்புக்கு வந்து சேர்ந்தன. நாலு லேபரட்டரியில் தனித்தனியாகச் செய்த பரிசோதனை ஒரே விடை கொடுத்தால், அதன் அடியில் ஒரு விதி இருக்கிறது என்றுதானே நாங்கள் சொல்வோம்? அதைத்தான் அவரும் செய்தார்.

டு பாண்டை மட்டும் உதாரணமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போர் முடிந்ததும் வெடிமருந்துக்குத் தேவை குறைந்துவிட்டது. இருக்கிற ஆட்களையும் ஆலைகளையும் சும்மா வைக்கக் கூடாதென்று பெயிண்ட், சாயம், செயற்கைப் பட்டு என்று இறங்கினார்கள். பெயிண்டில் சின்னச் சின்னக் கம்பெனிகள் லாபம் பார்க்கும்போது இவர்களுக்கு மட்டும் நஷ்டம். சரக்கு மோசமா என்றால், இல்லை. சுரங்கக்காரருக்கு டன் கணக்கில் வெடிமருந்து விற்ற அதே விற்பனை இலாகா, வீட்டுக்காரருக்கு டப்பா டப்பாவாகப் பெயிண்ட் விற்கப் பார்த்தது. கடைசியில் 1921-ல் ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பிரிவு, தனிப் பொறுப்பாளர், தனிக் கணக்கு என்று பிரித்தார்கள். தலைமை அலுவலகம் அன்றாட வேலையில் தலையிடாமல், பணத்தை எங்கே போடுவது, ஆளை எங்கே அனுப்புவது என்பதை மட்டும் பார்த்தது. செய்யப்போகும் காரியம் மாறினால் அமைப்பும் மாற வேண்டும், பழைய அமைப்பை வைத்துக்கொண்டு புதுக் காரியம் செய்ய முடியாது. சாண்ட்லர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். எத்தனை இலாகாக்களில் இது புரியாமல் எத்தனை திட்டங்கள் தடுமாறின என்று நம்மில் பலருக்கும் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம்.

அப்புறம் 'தி விசிபிள் ஹேண்ட்'. 1776-ல் ஆடம் ஸ்மித், சந்தையை ஒரு கண்ணுக்குத் தெரியாத கை நடத்துகிறது என்றார். சாண்ட்லர் சொன்னார்: நவீன காலத்தின் பெரிய தொழில்களில் நடப்பது வேறு. எவ்வளவு உற்பத்தி, எந்த ஊருக்கு எவ்வளவு அனுப்புவது, எப்போது அனுப்புவது என்பதை எல்லாம் தீர்மானிக்கிற கை நன்றாகவே கண்ணுக்குத் தெரிகிறது. அது சம்பளம் வாங்கும் மேனேஜரின் கை. அந்தக் கம்பெனியில் அவருக்குச் சொந்தப் பங்கு இருக்க வேண்டும் என்பதில்லை. மாதச் சம்பளமும் பதவி உயர்வும்தான். ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்தப் பிரம்மாண்டம் ஒரு நாள் ஓடாது. இந்தப் புத்தகத்துக்கு 1978-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இதைப் படித்தபோதுதான் என் பெண் ஏன் அதைக் கொடுத்தாள் என்று புரிந்தது. சரித்திரம் என்றால் ராஜாக்கள், தளபதிகள், தலைவர்கள். தொழில் சரித்திரம் என்றால் முதலாளிகள். ஒன்று அவர்களை மகான் என்பார்கள், அல்லது கொள்ளைக்காரர் என்பார்கள். நடுவிலே உட்கார்ந்து, வந்த தபாலைப் படித்து, குறிப்பு எழுதி, தவறைச் சுட்டிக்காட்டி, மேலே அனுப்பியவனுக்குச் சரித்திரத்தில் இடம் இருந்ததில்லை. சாண்ட்லர் அவனைத் தேடிப் போனார். அவனுடைய மெமோக்களையும் கமிட்டி நடவடிக்கைக் குறிப்புகளையும் படித்தார். 'ஃபைல் பார்த்தேன்' என்ற பதிலுக்கு ஒரு பொருள் உண்டு என்று காட்டினார்.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய புத்தகங்களில் தொழிலாளி அநேகமாகக் கண்ணில் படுவதே இல்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். நியாயமான குறைதான். சிறு தொழில்களுக்கு அவர் போதிய மதிப்புத் தரவில்லை என்றும் சொன்னார்கள். 1990-ல் அவர் எழுதிய 'ஸ்கேல் அண்ட் ஸ்கோப்' அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றையும் ஒப்பிட்டது. பிரிட்டன் பின்தங்கியதற்குக் குடும்பப் பிடியை விடாத கம்பெனிகள் ஒரு காரணம் என்றார். இங்கிலாந்தில் இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் ஆராய்ந்த நாலு ஜாம்பவான்களும் அப்படியே நிற்கவும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2009-ல் திவால் கோர்ட்டுக்குப் போய் மீண்டு வந்தது. சியர்ஸ் 2018-ல் போனது. டு பாண்ட் 2017-ல் டௌ கம்பெனியோடு சேர்ந்து, 2019-ல் மூன்றாகப் பிரிந்தது. ஸ்டாண்டர்ட் ஆயில்தான் எக்ஸான் மொபில் என்ற பெயரில் நிலைத்திருக்கிறது. காரியம் மாறினால் அமைப்பும் மாற வேண்டும் என்று அவரே சொன்னதற்கு, அவருடைய உதாரணங்களே பிற்பாடு சாட்சி ஆயின.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1961-ல் இதே அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். ஆரம்பித்தபோது கைகொடுத்தது ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்தான். அங்கே வணிக வரலாற்றுக்கென்று ஒரு பேராசிரியர் பதவி, இந்த ஊர் மில் அதிபர் கஸ்தூர்பாய் லால்பாயின் பெயரில் உண்டாக்கப்பட்டது. அதில் இருந்தவர் பேராசிரியர் துவிஜேந்திர திரிபாடி. கஸ்தூர்பாயின் தொழில் வாழ்க்கையைப் பற்றி 1981-ல் ஒரு நூல் எழுதினார். இந்தியத் தொழில் வணிகத்தின் முழு வரலாற்றை 2004-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகக் கொண்டுவந்தார். 2018-ல் காலமானார். நம் தேசத்துக் கதை அமெரிக்கக் கதை அல்ல. இங்கே குடும்பம், ஜாதி, மேனேஜிங் ஏஜென்சி என்று வேறு பாத்திரங்கள். மேனேஜிங் ஏஜென்சி முறை 1970-ல்தான் ஒழிந்தது. ஆகவே நம் கதையை நம் காகிதங்களை வைத்துத்தான் எழுத முடியும்.

அந்தக் காகிதங்கள் எங்கே? டாடா நிறுவனம் புனேயில் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. ரிசர்வ் வங்கியும் 1981-ல் தொடங்கி ஒன்று நடத்துகிறது. மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி உங்கள் முன்னால் நின்றுகொண்டிருக்கிறது.

1979. வட இந்தியாவில் ஒரு சிறிய ஊரில் ஒரு மத்திய அரசு அலுவலகம். ரிக்கார்டு ரூமில் இடமில்லை, பழைய கட்டுகளை ஒழிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எனக்கு வயது முப்பது. சுறுசுறுப்பான ஆபீசர் என்று பெயர் வாங்க ஆசை. ரிக்கார்டு கீப்பர் வயதானவர். கழிக்க வேண்டிய லிஸ்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். "ஐயா, இதிலே இந்த நூற்றாண்டு ஆரம்பத்து டூர் டைரிகள் இருக்கின்றன. எந்த ஊரில் தண்ணீர் இல்லை, எங்கே தானியம் அனுப்பினார்கள் என்று கையால் எழுதியிருக்கிறார்கள். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஹிந்தியில் சொன்னார்.

நான் எழுந்திருக்கவில்லை. "விதிப்படி காலம் முடிந்துவிட்டதா, இல்லையா?" என்று கேட்டேன். "முடிந்துவிட்டது" என்றார். கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் ஒரு லாரி வந்து எடையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிற்று. அலுவலகக் கணக்கில் ஒரு சிறு தொகை வரவு. எனக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு.

நான் விதியை மீறவில்லை. 1892-க்கு முந்தைய ஆவணங்களைப் பொதுவாக அழிக்கவே கூடாது என்று சொல்லும் பொது ஆவணங்கள் சட்டம் 1993-ல்தான் வந்தது. அது இருந்திருந்தாலும் அந்த டைரிகளின் தேதி அதற்குப் பிந்தியதுதான். ஆனால் சாண்ட்லரின் பாட்டி வீட்டுச் சாமான் அறையைப் பற்றிப் படித்த அன்று, அந்தப் பெரியவர் தயங்கி நின்றது கண் முன்னால் வந்தது. அந்த டைரிகளை எழுதியவர்கள் யார்? என்னைப் போலவே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். குதிரையிலோ மாட்டு வண்டியிலோ போய், கண்ணால் கண்டதை ராத்திரி விளக்கில் எழுதியவர்கள். அவர்களை ஒருவர் தேடிப் போயிருந்தால், இன்று நமக்கும் ஒரு சாண்ட்லர் கிடைத்திருக்கலாம். 'ஆபீஸில் என்ன பண்ணினேள்' என்ற கேள்விக்கு அவர்கள் எழுதி வைத்திருந்த பதிலை நான் எடைக்குப் போட்டேன். பிறகு என் பெண் அதே கேள்வியை என்னிடம் கேட்டாள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆபீஸ் ஃபைலை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்று ஒரு ரிடையர்டு ஆபீசர் சொல்ல மாட்டான். ரகசியங்களை எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. நம்மில் பாங்க், ரயில்வே, தபால் தந்தி, இன்ஷூரன்ஸ், மில், கப்பல் கம்பெனி என்று வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்! வேலை எப்படி நடந்தது என்று ஆளுக்கு நாலு பக்கம் எழுதி வையுங்கள். லெட்ஜரைக் கையால் எழுதி ராத்திரி பதினொரு மணிக்குப் பாலன்ஸ் பிடித்தது, கம்ப்யூட்டர் வந்தபோது யார் எதிர்த்தார்கள், யார் முதலில் கற்றுக்கொண்டார்கள், ஒரு வெள்ளத்திலோ ஸ்டிரைக்கிலோ சரக்கை எப்படி அனுப்பினீர்கள் என்று எழுதுங்கள். தேதி போடுங்கள், சம்பளம் எவ்வளவு என்று போடுங்கள், தவறு செய்திருந்தால் அதையும் போடுங்கள். தாத்தாவின் நியமன உத்தரவு, பழைய டைரி, கணக்கு நோட்டு கிடைத்தால் பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் வைத்திருந்த மளிகைக் கணக்கு நோட்டும் இதில் சேர்த்திதான். ஒரு சம்பளத்தில் ஒரு குடும்பத்தை நடத்தியதும் பெரிய நிர்வாகம்தானே!

சாண்ட்லர் 2007 மே 9-ந் தேதி தம் 88-வது வயதில் காலமானார். ஓய்வுக்குப் பிறகும் அவர் எழுத்தை விடவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் தொழிலைப் பற்றி 2001-லும், ரசாயன, மருந்துத் தொழில்களைப் பற்றி 2005-லும் புத்தகங்கள் கொண்டுவந்தார். இரண்டாவது வந்தபோது வயது 86. ஆகவே எழுபதைத் தாண்டிவிட்டோம், இனி என்ன என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது.

நான் என் நாலு பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். முதல் பக்கத்தில் 1979-ஐத்தான் எழுதியிருக்கிறேன். என் பெண்ணிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மீதியையும் எழுதுங்கோப்பா" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.